காட்டுல விதைக்குப் பஞ்சமா?

அந்த விதைப்பந்து (மண்ணுருண்டைக்குள்ள விதைய வெச்சு வீசறது) வீடியோவ தயவுசெஞ்சு இனிமே யாரும் எனக்கு பார்வர்டு பண்ணாதீங்க. பாத்துட்டேன். வால்பாறை போற மலைப்பாதையில அட்டகட்டிக்கு மேல பஸ்ஸ நிறுத்தி, ஒரே கலர் டீசர்ட்ல புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு காட்டுக்குள்ள உருண்டைய வீச விட்டிருக்காங்க, டிரோன் ஷாட்டு, பிஜிஎம்மு எல்லாம் இருக்கு. கீழ கமெண்ட்ல நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது ஏற்கனவே காடு, அங்க எதுக்குங்க விதை? அவ்ளோதான், ரெண்டு நாளா அடி வாங்கிட்டு இருக்கேன்.

காட்டுல விதைக்குப் பஞ்சமே இல்ல. அதத் தூக்கிட்டுப் போற வாய்க்குத்தான் பஞ்சம்.

தாய் மரத்துக்கு அடியிலயே விழுற கொட்டைய பூச்சியும் பூஞ்சையும் எலியும் சேர்ந்து காலி பண்ணிரும், தப்பி முளைக்கறது ரொம்ப கம்மி. ஜான்சென், கானெல்னு ரெண்டு சூழலியல் விஞ்ஞானிங்க 1970லயும் 71லயும் தனித்தனியா சொன்ன விஷயம் இது. அதனாலதான் மழைக்காட்டு மரத்துல பாதிக்கு மேல பழத்தக் கூலியா குடுத்து விதைய தூரமா அனுப்புது. காட்டு ஜாதிக்காய இருவாச்சிங்கற பெரிய அலகுப் பறவை கொண்டுபோகும், இலுப்பைய பழந்தின்னி வவ்வால் கொண்டுபோகும், கீழ வறண்ட காட்டுல புள்ளிமான் நெல்லிக்காய முழுங்கிட்டு வேற எங்கயாவது படுத்து அசைபோடறப்ப கொட்டையத் துப்பும். இதுங்களுக்கு யாரும் டீசர்ட் அடிச்சுக் குடுக்கல.

எங்கப்பாவுக்கு வால்பாறை பக்கம் எஸ்டேட்லதான் வேலை. தொழிலாளிங்க லைன் வீட்டுக்குப் பின்னாடி சோலைக்காடு, அதோட ஓரத்துல ஒரு பெரிய மரப்பொந்துல இருவாச்சி கூடு கட்டும். பொட்டை உள்ள போய் வாசல அடைச்சுக்கும், ஒரு சின்ன கீறல் மட்டும் விட்டு வெச்சிருக்கும், மூணு நாலு மாசம் வெளிய வராது. ஆண் வந்து மரத்த புடிச்சுக்கிட்டு தொண்டையிலேர்ந்து அத்திப்பழமா ஒண்ணொண்ணா மேல கொண்டாந்து அந்தக் கீறல்ல நீட்டும். நடுவுல ஒரு ஜாதிக்கா வந்தா செக்கச்செவேல்னு தெரியும். அந்த மரத்தடியில கெடக்கற கொட்டையப் பொறுக்கி கோலி விளையாடுவோம், கால்ல அட்டை ஏறுனதுக்கு அம்மாட்ட வாங்குன அடி தனி. என்னப் பாத்துத்தான் ஒரு தம்பி எழுதறாரு, "ஏசி ரூம்ல உக்காந்து பேசாதீங்க அங்கிள்"னு. ரொம்ப சந்தோஷம் தம்பி.

"அப்ப மரமே நட வேண்டாமா?"னு கேக்கறீங்க. நான் எங்கங்க அப்படிச் சொன்னேன்? வால்பாறையிலயே நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்ங்கற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்காரங்க இருபது வருஷத்துக்கு மேலா அந்த ஊர் மரத்தோட விதையா சேத்து, நர்சரியில வளத்து, அழிஞ்சுபோன துண்டுக் காட்டுல நட்டுட்டு இருக்காங்க. அது வேலை. நீங்க வீசுனதுல வேப்பங்கொட்டையும் குல்மொகரும் இருந்துச்சு, மழைக்காட்டுல வேப்பங்கொட்டை! ஜாதிக்கா, வெடிபலா மாதிரி மழைக்காட்டு மரத்து விதையெல்லாம் ஈரம் காஞ்சாலே செத்துரும், அத உருண்டை புடிச்சு நாள்கணக்கா காய வெச்சா என்னங்க மிஞ்சும்?

"காட்டையே மூடற வெளிநாட்டு உண்ணிச்செடிய பரப்புனதும் உங்க பறவைதானே"னு ஒருத்தர் மடக்கிட்டாராம். பரப்புச்சு சார். தோட்டத்துக்கு அழகா இருக்கும்னு கப்பல்ல கொண்டாந்தது கொண்டைக்குருவியா?

"குழந்தைங்க ஆர்வத்தக் கெடுக்கறீங்க"ன்னதுதான் வலிச்சுது. அந்தப் புள்ளைங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவங்கள அதே எடத்துல அரைமணி நேரம் சும்மா உக்கார வெச்சு ஒரு அத்திமரத்தப் பாக்கச் சொல்லிருக்கலாம். எது வருது, எது தின்னுது, எங்க பறக்குதுன்னு அந்தப் புள்ளைங்களே சொல்லியிருக்கும். ஆனா அதுல டிரோன் ஷாட் கிடைக்காது.

சரி, இதையும் சொல்லிடறேன். அந்த வீடியோவ எங்க அபார்ட்மெண்ட் குரூப்புல கைதட்டி எமோஜியோட போட்டவரு யாரு தெரியுமா? பார்க்கிங் ஓரத்துல நிக்கற அத்திமரத்த வெட்டணும்னு போன மாசம் வீடு வீடா கையெழுத்து வாங்குனவரு. காரணம், ராத்திரி வவ்வால் வந்து கார் மேல எச்சம் போடுதாம். அந்த எச்சத்துல இருக்கறதும் விதைதான் சார், மண்ணு உருட்டாம ப்ரீயா வருது. கையெழுத்துப் பேப்பர் இன்னும் அசோசியேஷன் ஆபீஸ்லதான் இருக்கு. அத வாபஸ் வாங்குங்க மொதல்ல, அப்புறம் வந்து எனக்கு பாசிட்டிவ் திங்கிங் சொல்லிக்குடுங்க.