ஜெனரேட்டர் ஓடியது, கோழி செத்தது

"ஜெனரேட்டர் இல்லையா?"

மே மாதத்திலிருந்து இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சொந்தக்காரர்கள் கேட்டார்கள், பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்டார், தீவனம் இறக்க வந்த லாரி டிரைவரும் கேட்டார். இருக்கிறது ஐயா, இருக்கிறது. அன்றைக்கும் ஓடியது. கரண்ட் போன அரை நிமிடத்தில் தானாக ஸ்டார்ட் ஆகி, ஷெட் முழுக்க லைட் பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் 1,300 கோழி செத்துக் கிடந்தது.

வாழப்பாடிப் பக்கம் எங்கள் பண்ணை. 8,000 கறிக்கோழி பிடிக்கும் ஈசி (EC) ஷெட், அதாவது நாலு பக்கமும் மூடி, காற்றையும் சூட்டையும் மெஷினே பார்த்துக்கொள்ளும் ஷெட். ஒரு முனையில் உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் ஈரத் தட்டியான கூலிங் பேட், மறு முனையில் ஆறு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். அன்று பேட்சுக்கு 36-ஆம் நாள், கோழி இரண்டு கிலோவைத் தொட்டிருந்தது. சாயங்காலம் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து இடியோடு மழை இறங்கியது. ஒரு இடி, கரண்ட் போனது, ஜெனரேட்டர் வந்தது. லைட் எரிகிறதே என்று வேலைக்காரத் தம்பி நிம்மதியாக இருந்துவிட்டான். அவன்மேல் தப்பு சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்த என் மனைவிதான் போனில் கூப்பிட்டாள்: "ஏங்க, ஷெட்டுல சத்தமே இல்லைங்க." எப்போதும் ஹோ என்று இரையும் ஃபேன்கள் அத்தனையும் நின்றிருந்தன. ஷெட் சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டும் பெட்டிதான் கன்ட்ரோலர். இடியில் அதன் போர்டு கருகிப் போயிருக்கிறது. போர்டு செத்தால் அதிலிருக்கும் ரிலே என்ற குட்டி சுவிட்ச் விடும், ரிலே விட்டால் ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் விழும், ஃபேன் நிற்கும். ஜெனரேட்டர் எவ்வளவு கரண்ட் கொடுத்து என்ன? ஃபேனை ஓடு என்று சொல்ல ஆள் இல்லை.

நான் வந்து சேரும்போது இருபது நிமிடம் தாண்டிவிட்டது. பேனலில் மேனுவல் சுவிட்ச் கிடையாது. ஷெட் போடும்போது கேட்டேன். "எதுக்கு சார், எல்லாம் ஆட்டோ" என்றார் மாட்டிக் கொடுத்தவர். காய்ந்த குச்சியை எடுத்துக் கான்டாக்டரை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடித்தோம், நானும் அந்தத் தம்பியும், ஈரக் காலோடு. உயிர் போயிருந்தால் யார் பதில் சொல்வது? எலக்ட்ரீஷியன் வந்து டைரக்ட் கொடுக்கும்வரை அப்படியே நின்றோம்.

இருபது நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு கிலோ கோழி ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தாலே பத்து வாட்டுக்கு மேல் சூடு விடும். 8,000 கோழிக்கு 80 கிலோவாட். மூடிய அறைக்குள் ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் எண்பதை ஒரே நேரத்தில் போட்டுக் கதவைச் சாத்திய மாதிரி. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். மூச்சின் ஈரம் காற்றில் ஏற ஏற அந்த வழியும் அடைபடும். பழைய திறந்த ஷெட்டில் ஃபேன் நின்றாலும் பக்கவாட்டில் கொஞ்சம் காற்று வரும், படுதாவைத் தூக்கிவிடலாம்.  ஈசி ஷெட்டில் ஃபேன் நின்றால் காற்று வர வேறு ஓட்டையே இல்லை.

எனக்கு வயிறு எரிவது செத்த கோழிக்காக மட்டுமில்லை. "இன்பில்ட் பேக்கப் இருக்கு சார்" என்று சொல்லித்தான் அந்தக் கன்ட்ரோலர் பெட்டியை என் தலையில் கட்டினார்கள். பிரித்துப் பார்த்தால் பேக்கப் என்பதும் அதே போர்டில், அதே பவர் சப்ளையில், அதே சென்சாரை நம்பி உட்கார்ந்திருக்கிறது. அலாரமும் அதற்குள்ளேயே! தான் செத்துவிட்டதைத் தானே வந்து சொல்லும் ஆள் உண்டா? குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்லும் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார், எண்ணினார், "பண்ணையாளர் கவனக்குறைவு" என்று எழுதினார், வளர்ப்புக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்குத் தேவையானது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. தனியாக ஒரு தெர்மோஸ்டாட், அதாவது வைத்த அளவுக்குச் சூடு வந்தால் தானே மாறும் சுவிட்ச், போர்டு இல்லாத சாதாரண வகை, சில ஆயிரம் ரூபாய்தான். அதற்குத் தனி எம்சிபி (கோளாறு வந்தால் கரண்டை வெட்டும் பிரேக்கர்). கன்ட்ரோலரைத் தொடாமல், அதற்கு இணையாக, இரண்டு மூன்று ஃபேனின் கான்டாக்டருக்கு நேராக ஒயர். கன்ட்ரோலர் 28 டிகிரியில் இருந்தால் இதை 32-ல் வைக்க வேண்டும். கன்ட்ரோலர் நன்றாக இருக்கும்வரை இது பேசாமல் இருக்கும், அது கைவிட்டால் ஃபேன் ஓடும். அலாரம் சொந்த பேட்டரியில், சொந்த சென்சாரில், போனுக்கு நேராக அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பல லட்ச ரூபாய்க்கு ஷெட் போட்டுக் கொடுக்க எப்படி மனசு வருகிறது?

சூடு மட்டும்தான் பிரச்சினை என்றும் இல்லை. ஏற்காடு அடிவாரத்தில் நண்பர் ஒருவர் பண்ணையில் மார்கழியில் குஞ்சு இறக்கிய மூன்றாம் நாள் எலி சென்சார் ஒயரைக் கடித்துவிட்டது. அங்கே இருந்த வகை சென்சார் அறுந்தால் கன்ட்ரோலருக்குக் கடுங்குளிர் என்று தெரியும். ஃபேனை நிறுத்திவிட்டு ஹீட்டரை விடாமல் எரித்திருக்கிறது. 33 டிகிரி வேண்டிய குஞ்சு 40-க்கு மேல் வெந்தது. சூடு அளவுக்கு மேல் போனால் ஹீட்டரை வெட்டிவிடத் தொடராக ஒரு தெர்மோஸ்டாட், ஹீட்டர் வராமலே போனால் எரியவைக்க இணையாக இன்னொன்று, இரண்டும் வேண்டும். நண்பர் பண்ணையில் இரண்டும் இல்லை.

போன வாரம் என் பண்ணையில் புது போர்டு மாட்ட, "எல்லாம் ஆட்டோ" என்ற அதே ஆள் வந்தார். மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "நான் மாட்டின தெர்மோஸ்டாட்டை ஷெட் சூட்டுக்குக் கீழே திருப்பி வெச்சிருக்கேன். இப்போ உங்க கன்ட்ரோலரை ஆஃப் பண்ணுங்க, ஃபேன் ஓடுதான்னு பார்க்கலாம்."

"அப்படியெல்லாம் திடீர்னு ஆஃப் பண்ணக் கூடாது சார், போர்டு போயிடும்" என்றார்.

போர்டு போய்விடும் என்றுதானே ஐயா நானும் மே மாதத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்!