ஆர்கெஸ்ட்ரா கீபோர்டு கலைஞர் தனியாக வர நினைத்தால்

தர்மபுரி, அரூர், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் திருவிழா மேடைகளில் ஒரே ஆள் வயலின் செக்‌ஷன், புல்லாங்குழல், ஷெனாய் எல்லாவற்றையும் ஒரு கீபோர்டில் கொண்டுவருகிறார். அவ்வளவு கைத்திறமை உள்ளவர் தனியாக வர ஆசைப்பட்டால் முதலில் போடுவது சினிமாப் பாட்டு கவர். அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

யூடியூபில் ஏற்றியதும் பெரும்பாலும் காப்புரிமை கிளைம் வரும். விளம்பரப் பணம் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்குப் போய்விடும். விளம்பரப் பணத்துக்கு யூடியூப் கேட்கும் 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்று பாடுபட்டுச் சேர்த்தாலும் அந்தப் பாட்டுக்குக் கையில் காசு நிற்காது. சொந்த மெட்டு மூன்றே நிமிடம் என்றாலும் உங்களுடையது. பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் இசையமைப்பாளராகச் சேர்ந்து அதைப் பதியலாம். ரஹ்மானும் ஹாரிஸ் ஜெயராஜும் அடுத்தவர் இசைக்குக் கீபோர்டு வாசித்தவர்கள்தானே என்பார்கள். உண்மை. ஆனால் 1992-ல் ‘ரோஜா’விலும் 2001-ல் ‘மின்னலே’யிலும் அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது அவர்கள் போட்ட மெட்டும் அவர்களுக்கே உரிய சவுண்டும்.

மெட்டு கிடைத்த பிறகு இடது கைதான் சிக்கல். மேடையில் பேஸ் கிடாரும் ரிதம் பேடும் கீழ்த்தளத்தைத் தாங்குவதால் இடது கை வருஷக்கணக்கில் சும்மா கார்டு பிடித்தே பழகியிருக்கும். தனியாக வாசித்தால் அந்த வெற்றிடம் உடனே காதில் படும். கீபோர்டே தாளமும் பக்கவாத்தியமும் போடும் ஆட்டோ ஸ்டைலை ஆஃப் செய்துவிட்டு, இடது கையில் பேஸ் நடையை மட்டும் தினமும் அரை மணி நேரம் மெதுவான தாளத்தில் வாசியுங்கள்.

கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைப்பதற்கு, அதே இடது கை சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்குப் போக வேண்டும். ரேஞ்ச் 2 செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு செமிடோன்) போதும். மோகனத்தில் ரி-யை அழுத்தி முழுக்கத் தள்ளினால் சரியாக க-வில் வந்து நிற்கும். க-விலிருந்து ப-வுக்கு 3 செமிடோன். அங்கே தள்ளினால் ராகத்திலேயே இல்லாத பிரதி மத்தியமத்தில் போய் நிற்கும். ப-வைக் கட்டையில்தான் தொட வேண்டும். ரேஞ்சை 12-க்கு ஏற்றுகிறவர்களும் உண்டு. விரல் கொஞ்சம் அசைந்தாலே சுருதி ஓடிவிடும், தயவுசெய்து வேண்டாம். ஒரே டோனில் கார்டும் பிடித்திருந்தால் அதுவும் சேர்ந்து வளையும். அதனால் கார்டைத் தனி டிராக்கில் முதலில் பதிந்துவிட்டு, மெலடியை அதன் மேல் வாசியுங்கள்.

வீட்டிலேயே பதியலாம். கீபோர்டின் லைன் அவுட் எல், ஆர் இரண்டையும் லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பஃபர் அளவு 128-க்கு மேல் ஏற ஏற, கை வாசிப்பதும் காது கேட்பதும் விலகும். உம்மென்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்வதால் வரும் இரைச்சல். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றுங்கள். அப்போதும் போகாவிட்டால் கீபோர்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே டிஐ பாக்ஸ் போட்டு, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சால் ஆடியோ ஒயரின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டியுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிக்கவே கூடாது, கரண்ட் அடிக்கும்.

ரிதம் பேடோ தவிலோ நண்பர் வாசித்துக் கொடுத்தால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ரிலீஸுக்கு முன்பே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.