பூநாரைக்குச் சரணாலயம், ஆலாவுக்கு யார்?

2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயம் அறிவித்தார்கள். சுமார் 525 ஹெக்டேர். ராமநாதபுரத்துக்காரனாக எனக்கு அதில் நிஜமாகவே பெருமை. ஆனால் வருகிறவர்கள் எல்லாருக்கும் கண் பூநாரை மேலேயே இருக்கிறது. காலடியில் ஓடுகிற உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரைப்பறவையையும், தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றுகிற ஆலா என்கிற கடற்பறவையையும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

கரையோர ஆலா கூடு கட்டாது. வெறும் மணலில் நெஞ்சை அழுத்தி ஒரு சின்னப் பள்ளம் பண்ணும், அதிலே இரண்டு மூன்று முட்டை. மணல் நிறம், மேலே கருப்புக் கருப்பாகத் திட்டுகள். பக்கத்தில் நின்றாலும் சட்டென்று தெரியாது. வைகாசி வெயிலில் தாய் உட்கார்ந்திருப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க இல்லை, நிழல் கொடுக்க. நடுநடுவே கடலுக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து அமரும். நாம் கிட்டே போனால் பதறி எழுந்துவிடும். நாம் செல்ஃபி எடுத்து முடிக்கிறவரை முட்டை அந்த வெயிலில் கிடக்கும். உள்ளே இருக்கிற கரு தாங்காது.

கோடை விடுமுறைக் கூட்டமும் அதே மாதங்களில்தான். 2017இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு வந்தது, நல்லதுதான். அதோடு வண்டிகள் வந்தன, சாப்பாட்டு மிச்சம் வந்தது, அதைத் தேடி நாயும் காக்கையும் வந்தன. அவை முட்டையையும் விடாது, குஞ்சையும் விடாது. சிலர் மணலுக்குள்ளேயே வண்டியை இறக்கி ஓட்டுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

குளிர்காலத்து விருந்தாளிப் பறவைகள் கதை வேறு. திபெத் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து உப்புக்கொத்திகள், சைபீரியாவின் வடகோடியிலிருந்து வளைமூக்கு உள்ளான்கள். கடல் வற்றும்போது சேற்றில் புழு பொறுக்கும், கடல் ஏறினதும் மணல் திட்டில் கூட்டமாக நின்று ஓய்வெடுக்கும். பங்குனி, சித்திரையில் கிளம்புவதற்குள் உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும், வழிச்செலவுக்கு அதுதான் கைமுதல். வீடியோவில் அழகாக வரும் என்று அந்தக் கூட்டத்தை ஓடிப்போய்க் கிளப்பிவிடுகிறவர்களே, அந்தக் கைமுதலைத்தான் கரைக்கிறீர்கள்.

இவற்றுக்கு ஒதுங்க இடமும் சுருங்கிவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி அள்ளினோம், அலையைத் தடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. 1986இல் தேசியப் பூங்கா வந்தும் பாறை வெட்டு உடனே நின்றுவிடவில்லை.

அதனால் கேட்கிறேன். சித்திரையிலிருந்து ஆடி வரை முட்டை இருக்கிற மணலைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். கடைகளின் கழிவை அன்றன்றைக்கே அள்ளுங்கள். காவலுக்கு வெளியூர் ஆள் வேண்டாம், தனுஷ்கோடி மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்து அந்த வேலையைக் கொடுங்கள். எந்தத் திட்டில் எது முட்டையிடும் என்று அவர்களுக்குத் தெரியும். வனத்துறை வருகிற கோடையிலேயே இதைத் தொடங்கலாம்.