ரோஸ்மீட் பிளேஸ் வாசலிலேயே அந்தப் போர் நின்றிருக்கலாம்

இலங்கைப் போர் பற்றி யாராவது பேச்செடுத்தால், நம் ஊரில் கதை 1983 ஜூலைக் கலவரத்தில்தான் தொடங்குகிறது. சிலர் ஒரேயடியாகத் தமிழ் மன்னன் எல்லாளன், அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு காலத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பகை, எப்படியும் வெடித்திருக்கும் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எல்லாவற்றையும் விதியின் தலையில் கட்டிவிட்டால், திரி கொளுத்தியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

வளசரவாக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். போன மாதம் தகரப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டி, “அப்பாவின் சிங்களக் கொப்பி, தம்பி” என்றார். அப்பா கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். 1956 ஜூனில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபின், நாற்பது வயதில் உட்கார்ந்து எழுத்துப் பழகியிருக்கிறார். பக்கம் முழுக்க ஒரே எழுத்து, பென்சிலில், வட்ட வட்டமாக. அழித்து அழித்துச் சில இடங்களில் தாளே ஓட்டையாகியிருக்கிறது. சோதனையில் அவர் தேறவில்லை. சம்பள உயர்வு நின்றது. வேலையை விட்டு ஊர் திரும்பினார்.

அதே 1956இல்தான் இங்கே மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட இடம் நம் மயிலாப்பூரில், ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கிறது. அவர் இறந்தது 1952 டிசம்பர் 15. அதுவரை பிடிகொடுக்காத நேரு நான்கே நாளில் ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். நாடு உடைந்துபோகவில்லை. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது இங்கேயும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஆனால் 1967இல் அண்ணா கோட்டைக்குள் போக வாக்குச்சீட்டு போதுமானதாக இருந்தது.

அப்படி ஒரு வழி இலங்கையிலும் திறந்தது. 1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. விவசாயம், குடியேற்றம், கல்வி, மீன்பிடி, சாலை ஆகியவை சபைகளின் பொறுப்பு. வடக்கு, கிழக்கில் நிர்வாகம் தமிழில் நடக்கும். சிங்கள ஆட்சிமொழிச் சட்டத்தில் கை வைக்கவே இல்லை. செல்வநாயகம் தனிநாடா கேட்டார்? 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் காகிதத்தில் தந்த அளவுக்குக்கூட இதில் இல்லை.

இதை எதிர்த்து, தேர்தலில் ஆட்சியை இழந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டு முன் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் ரத்து என்று வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தார். மறுமாதமே கலவரம். அடுத்த ஆண்டு ஒரு பிக்குவின் குண்டுக்கே அவர் பலியானார். பணிந்தும் உயிர் தப்பவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அவர் பணியாமல் இருந்திருக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். 1956 தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 95 இடங்களில் அவர் கூட்டணிக்கு 51 இருந்தது. ஜே.ஆரின் கட்சிக்கு வெறும் எட்டு, அவரே தோற்றுப்போயிருந்தார். சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்த இடதுசாரிகளுக்கு 17, தமிழரசுக் கட்சிக்கு 10. சொந்தக் கூட்டணியில் பத்துப் பேர் ஓடியிருந்தாலும் கணக்குத் தேறியிருக்கும். ஆட்சி ஆட்டம் கண்டிருக்கும், உண்மைதான். ஆட்டம் கண்ட ஆட்சி ஒரு நாட்டுக்குப் பெரிய இழப்பா?

இன்னொன்றும் வேண்டியிருந்தது. தமிழருக்குக் கொடுப்பதை வைத்துத் தேர்தல் நடத்த மாட்டோம் என்று இரண்டு பெரிய கட்சிகளும் தங்களுக்குள் ஒரு சொல் கொடுத்திருக்க வேண்டும். நடந்தது நேரெதிர். 1965இல் ஜே.ஆரின் கட்சித் தலைவர் டட்லி சேனாநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, அதைத் தடுக்கத் தெருவில் இறங்கியது பண்டாரநாயக்கவின் கட்சி. நம்மவர்களும் சுத்தமில்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசாங்கத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சராகப் போய் உட்கார்ந்தார்.

1958 ஏப்ரலில் பிரபாகரனுக்கு மூன்று வயது. அந்தக் காகிதம் கிழியாமல் இருந்திருந்தால் அந்தத் தலைமுறைப் பையன்கள் பிராந்திய சபைத் தேர்தலுக்குச் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். சாலை ஒப்பந்தத்தில் ஊழல் என்று ஒருவரையொருவர் திட்டியிருப்பார்கள். மாடி வீட்டு அம்மாவின் அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில் (கலெக்டர் அலுவலகத்துக்கு அங்கே அதுதான் பெயர்) தமிழில் கோப்பு எழுதி ஓய்வூதியம் வாங்கியிருப்பார். அந்த அம்மாவும் தன் கல்யாணப் புடவை எடுக்கத் தியாகராய நகருக்கு வந்து, ஒரு வாரத்தில் ஊர் திரும்பியிருப்பார்.