கும்பம் பாக்க வந்தா வேஷமோ?

"சாமி இல்லை எண்டுபோட்டு நவராத்திரிக் கும்பம் பாக்க வாறவன் வேஷக்காரன், உலகத்தில வேற எங்கயும் இப்பிடி இல்லை" எண்டு மேல ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். முதல் பாதி அவற்ற கருத்து, இருக்கட்டும். இரண்டாவது பாதி பிழை. பியூ ஆய்வு மையம் 2019-20இல அமெரிக்க யூதர்களிட்ட கேட்டதில, பெரியாக்களில 27 வீதமானோர் 'சமயம் இல்லை, ஆனா பண்பாட்டாலயோ குடும்பத்தாலயோ யூதர்' எண்ட வகைக்குள்ள வந்தவை. ஷெர்வின் வைன் எண்ட யூத மதகுரு 1963இல மிச்சிகனில தொடங்கின சபை, கடவுள் பேரை நீக்கிப்போட்டுத்தான் பண்டிகை கொண்டாடுது. ஒளிச்சு மறைச்சு இல்லை.

திருகோணமலையில நவராத்திரிக் கும்பம் வீதியால வரேக்க உடுக்குச் சத்தம் கேட்டுப் படலைக்கு ஓடி வாறவை எல்லாரும் கும்பிடவோ வருகினம்? என்ர மாமா கை கூப்பவே மாட்டார். ஆனா கும்பத்தடியில போட்ட நவதானியம் வடிவா முளைக்கேல்லை எண்டா, பூசாரியை விட அவருக்குத்தான் கவலை.