எம்டனில் செண்பகராமன் பிள்ளை வந்தாரா?

செப்டம்பர் 22 நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. 1914-ல் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டனில், இந்திய விடுதலைக்காக ஐரோப்பாவில் இயங்கிய புரட்சியாளர் செண்பகராமன் பிள்ளையும் இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்று. அது உண்மை அல்ல.

குண்டுவீச்சு நடந்தது உண்மை. அன்று இரவு கேப்டன் கார்ல் வான் முல்லரின் கப்பல் சுட்டதில் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்துச் சுவரிலும் ஒரு குண்டு விழுந்தது. அதற்கான கல்வெட்டை இன்றும் அங்கே பார்க்கலாம். 'அவன் சரியான எம்டன்' என்று நாம் சொல்வதும் அந்த இரவு விட்டுப்போன சொல்தான்.

ஆனால் பிள்ளை அப்போது இருந்தது சுவிட்சர்லாந்தின் சூரிச்சில். அக்டோபரில் பெர்லின் போய், அங்கே இந்தியப் புரட்சியாளர்களின் குழுவில் சேர்ந்தார். எம்டனோ முதல் உலகப் போரில் ஜெர்மனி இறங்கும் முன்பே சீனாவின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஐரோப்பா பக்கமே போகாமல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அழிந்தது. சென்னைக் கடலில் இருந்தவர் அடுத்த மாதம் பெர்லினில் எப்படி இருக்க முடியும்? கப்பலின் முதல் அதிகாரி ஹெல்முத் வான் மூக்கே 1915-லேயே தன் அனுபவங்களை எழுதிவிட்டார். படித்துப் பாருங்கள், அதில் பிள்ளை இல்லை.

அவர் ஐரோப்பாவில் நிஜமாகச் செய்த வேலையே பெரிது. அதை இந்தக் கதை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.