ஓடுகிற பிள்ளையின் பெயரை வெட்டாதீங்க

உயர்தரப் பெறுபேறு வந்த அன்றைக்கு நான் மட்டக்களப்பு கல்லடியில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, கணிதப் பிரிவில் இரண்டு ஏ, ஒரு பி. பார்க்க வந்த சனம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்ட கேள்வி, "ஓட்டத்த விட்டுட்டுத்தானே படிச்சவ?" ஒருத்தர் இல்லை, நாலைந்து பேர் கேட்டார்கள். "இல்ல, அவள் விடல்ல" என்று சொல்லிச் சொல்லி அக்கா தேத்தண்ணி ஊற்றினார். ஒருவரும் நம்பின மாதிரித் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

அவள் செய்வது ஒரே ஒரு விளையாட்டு இல்லை, ஏழு. ஹெப்டத்லோன் என்றால் முதல் நாள் 100 மீற்றர் தடை தாண்டல், உயரம் பாய்தல், குண்டு போடுதல், 200 மீற்றர். அடுத்த நாள் நீளம் பாய்தல், ஈட்டி எறிதல், கடைசியாக, கால் ரெண்டும் விட்டுப்போன நேரத்தில், 800 மீற்றர். குண்டுக்கு உடம்பில் பலம் வேண்டும், 800க்கு மூச்சு வேண்டும், ஒன்றுக்கு மட்டும் பழகினால் மற்றது விழுந்துவிடும். நீளம் பாய்தலில் மூன்றே மூன்று தடவைதான், மூன்றிலும் பாயக் கிளம்புகிற பலகையைக் கால் தாண்டினால் அந்த நிகழ்ச்சிக்குப் புள்ளி பூச்சியம். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கத்தான் வேண்டும். பௌதிகவியல் பேப்பர் பிழைத்துவிட்டது என்று இரவு முழுக்க அழுதுவிட்டு அடுத்த பேப்பருக்குப் போய், அதையும் கெடுத்துக்கொண்டு வந்த எத்தனை பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்! விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிற பழக்கம் என் மருமகளுக்கு எந்த ரியூசனிலும் கிடைத்தது இல்லை.

அவளுடைய கொப்பி ஒன்று இருக்கிறது, சி.ஆர். கொப்பி. முன்பக்கத்தில் இருந்து இணைந்த கணிதம், பின்பக்கத்தில் இருந்து பயிற்சிக் கணக்கு. குதிக்காலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து ஓடுபாதையை அளந்து, தொடங்குகிற இடத்தில் ஒரு ஓட்டுத் துண்டை வைப்பாள், அந்த அடிக் கணக்கெல்லாம் அதில் இருக்கும். கச்சான் காற்று எதிரே அடிக்கிற நாளில் ஓட்டுத் துண்டை எவ்வளவு முன்னுக்கு நகர்த்தினாள் என்பது வரைக்கும் திகதி போட்டு எழுதியிருக்கிறாள். ஒருநாள் பின்னேரம் அந்தக் கொப்பியோடு என்னிடம் ஓடி வந்தாள். "மாமா, எறியத்தில 45 பாகைதான் கூடத் தூரம் போகும் எண்டு படிப்பிக்கிறாங்க, ஆனா குண்டு நிலத்தில இருந்தா கிளம்புது? என்ர தோளுக்கு மேல இருந்துதானே. அப்ப 45ஐ விடக் குறையத்தான் எறியோணும்." சரியாகத்தான் சொன்னாள். நான் அந்தப் பாடத்தை இரண்டு வருடம் படித்தவன், கையில் நாலு கிலோ இரும்பைப் பிடித்துப் பார்க்காததால் அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இனி அக்காவின் கதை. 1997, சாதாரண தர வருடம். அக்கா நீளம் பாய்தலில் வலய மட்டத்துக்குத் தெரிவாகியிருந்தார். பட்டியலில் இருந்த பெயரை ஒரு ஆசிரியர் பேனையால் வெட்டிவிட்டு, "காணும் புள்ள, இனிப் படிக்கிற வழியப் பாரு" என்றாராம். நல்லதுக்குத்தான் சொன்னார், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரமெல்லாம் படிப்பில் சேர்ந்ததா? பின்னேரம் நாலு மணிக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மைதானப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பெறுபேறும் முந்தின தவணையை விட ஒரு சொட்டும் கூடவில்லை. மறுகா அவர் பாயவே இல்லை.

அதே வசனம் மருமகளுக்கும் வந்தது. அவள் உயர்தரம் முதலாம் வருடம் படிக்கும்போது ஒரு ரியூசன் சேர் அக்காவைக் கூப்பிட்டு, பொம்பிளப் பிள்ளை வெயிலில் கறுத்து அலைகிறாள், நிப்பாட்டுங்கோ என்றார். "அது அவள் எடுக்கிற முடிவு சேர்" என்று சொல்லிவிட்டு அக்கா எழும்பி வந்துவிட்டார். அவருடைய வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய பாய்ச்சல் அதுதான்.

எங்கட ஆட்களிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறதே. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர், 1952இலும் 1956இலும் ஒலிம்பிக் போனவர், 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர். அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், லொஸ் ஏஞ்சல்ஸில் படித்து, பிறகு கோர்னெலில் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். அதே லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர்தான் ஜாக்கி ஜாய்னர் கேர்ஸி. ஆஸ்துமாவோடு ஓடி, 1988இல் சியோலில் இந்த ஏழு நிகழ்ச்சியிலும் சேர்த்து அவர் எடுத்த 7291 புள்ளிதான் இன்றைக்கும் உலக சாதனை. அவ்வளவு தூரம் ஏன், தினமும் நாம் தாண்டிப் போகிற வெபர் மைதானம் யாருடைய பெயர்? புனித மிக்கேல் கல்லூரியில் இருந்து இந்த ஊர்ப் பிள்ளைகளை விளையாட்டுக்குப் பழக்கிய அமெரிக்க இயேசு சபைத் துறவியின் பெயர்.

எல்லாப் பிள்ளைக்கும் இது லேசு என்று நான் சொல்ல வரவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்து பஸ் பிடித்து வந்து, வகுப்பு முடித்து, இருட்டுக்குள் வீடு போகிற பிள்ளைக்குப் பயிற்சிக்கு நேரம் எங்கே? மருமகளும் சிலதை விட்டாள். ஞாயிறு ரியூசன் இரண்டை விட்டாள், ஒன்பதரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்பினாள், பரீட்சை வருடத்தில் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் கிழமையில் மூன்று நாள் கடற்கரை மணலில் ஓடுவதை மட்டும் யார் சொல்லியும் விடவில்லை. தேசிய மட்டத்தில் சாதித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது, அது கூடப் பல பெற்றோருக்குத் தெரியாது. அவள் அந்த வழியில் போகவில்லை, உயர்தரப் பெறுபேற்றில் வருகிற இசட் புள்ளியில்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பொறியியல், இரண்டாம் வருடம். ஏழும் இன்னும் தொடருது.

மழை விட்டு மைதானங்கள் காய்ந்ததும் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கும். உயர்தரம் படிக்கிற பிள்ளை பெயர் கொடுக்க வந்தால் தயவுசெய்து வெட்டாதீங்க சேர்மாரே, ரீச்சர்மாரே.

அவளுடைய பழைய ஸ்பைக்ஸ் சோடி ஒன்று அக்கா வீட்டில் இருக்கிறது, அளவு 5, அடி இன்னும் தேயவில்லை. பௌதிகவியல், இணைந்த கணிதம் கடந்தகால வினாத்தாள் கட்டும் இருக்கிறது, விடையோடு. இரண்டையும் ஒரே பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மருமகள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் பக்கம் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்க, எந்த ஊர் என்றாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.